மாலைப் படகை விட்டவர்

பச்சை நிறப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று என் எழுதுமேசையின் கீழ் இழுப்பறையில் பல ஆண்டுகளாகக் கிடந்தது. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. உள்ளே, சிறிது கரைந்து பின்பு காய்ந்து கல்லாகிப்போன சந்தன சோப்பு. வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்களில் என் மருமகள் இருமுறை அதைக் குப்பைக்கூடையில் போட எடுத்தாள். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. விளக்கம் அளிக்கும் வழக்கம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. இப்போது எழுதுவதும் விளக்கம் அன்று. அந்த டப்பாவை எனக்குத் தந்தவரோடு ஒரே மேசையில் அமர்ந்திருந்தவர்களுள் இன்னும் நினைவு தெளிவாக இருப்பவன் என்ற முறையில், சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

அவரை நாங்கள் சேர்பர்சன் அம்மா என்றே அழைத்தோம். எங்கள் ஊராட்சி ஒன்றியமான பஞ்சாயத்து சமிதியில் கல்வி, இளைஞர் வேலைவாய்ப்பு, சமூக நலம் ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு நிலைக்குழுவிடம் ஒப்படைத்திருந்தார்கள். அக்குழுவுக்கு அவர் தலைவி. மேனிலைப் பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றிருந்த நான், கல்வி அனுபவம் உடையவர் என்ற பிரிவில் நியமிக்கப்பட்ட உறுப்பினன். என் தந்தை பொதுப்பணித் துறை எழுத்தராகக் கும்பகோணத்திலிருந்து கப்பலேறி இத்தீவுகளுக்கு வந்தவர். நான் சென்னைக் கல்லூரியில் முதுகலை முடித்துவிட்டு, அதே போன்றதொரு கப்பலில் திரும்பி வந்து, திக்லிபூரிலும் ரங்கத்திலும் பணியாற்றினேன். பணிக்காலம் முழுவதிலும் என் பெயருக்கு ஒரு மெமோ கூட வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் சொல்லப்போகும் இரண்டு கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது என்பதால் சொல்கிறேன்.

தலைவியின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, தெற்கே ஒரு தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அவர் பிறந்தது அந்தத் தோட்ட வரிசை வீடுகளில். திருமணமாகி ரங்கத் பக்கம் வந்தார். கணவர் லாரி வைத்திருந்தார். தலைவி பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அவருடைய பேச்சில் மலைத்தோட்டத் தமிழும் தீவின் இந்தியும் எந்த வரிசையும் இல்லாமல் கலந்து வரும். கூட்டத்தில் அதிகாரி ஒருவர் நீண்ட நேரம் பேசினால், குறுக்கிடமாட்டார். பேனாவின் மூடியைக் கழற்றி மேசைமேல் நிமிர்த்தி வைப்பார். அது நிற்கும்வரை பேச விடுவார் என்று வங்காளி உறுப்பினர் ஒருவர் கேலி செய்வார். அந்த வங்காளி உறுப்பினர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரி. குழுவில் சிரிப்பு என்று ஏதாவது இருந்தது என்றால் அவரால்தான்.

இத்தீவுகளில் திடீர்ச் சோதனை என்பது நடக்காத காரியம். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் ஓர் அதிகாரி காரை எடுத்துக்கொண்டு எந்தப் பள்ளி வாசலிலும் போய் இறங்கலாம். இங்கே அக்கரைக்குப் போகும் படகு ஒன்றுதான். டிக்கெட் வாங்கும்போதே டிக்கெட் கொடுப்பவர் முகத்தைப் பார்த்துவிடுவார். நாம் படகேறும் பலகையில் கால் வைப்பதற்குள் அக்கரையில் தொலைபேசி அடித்துவிடும். உப்பங்கழியைக் கடந்து ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இறங்கும்போது தலைமையாசிரியர் மாலையோடு நிற்பார். பள்ளி முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கும். அன்றைய மதிய உணவில் முட்டை இருக்கும். குழு எல்லாவற்றையும் பார்த்து, திருப்தி என்று எழுதி, மாலைப் படகில் திரும்பிவிடும். படகு முனையைத் திரும்பி அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் மறைந்ததும் அக்கரை பழைய அக்கரையாகிவிடும். பல ஆண்டுகள் எங்கள் ஆய்வுகள் இவ்விதமே நடந்தன. நான் முதல்வராக இருந்த காலத்தில் மாலையோடு நின்ற பக்கத்திலும் இருந்திருக்கிறேன் என்பதால் இதை அறிவேன்.

தலைவி கண்டுபிடித்த வழி எளியது. அவர் மாலைப் படகை விட்டுவிடுவார். நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய ஓர் ஒயர் கூடை அவரிடம் இருந்தது. அதில் ஒரு மாற்றுப் புடவை, துண்டு, பல்பொடி, சோப்பு. மற்றவர்கள் கோப்புகளோடு படகேறுவார்கள்; அவர் கூடையோடு ஏறுவார். எல்லா ஆய்வுக்கும் கொண்டுவரமாட்டார். எந்தப் பயணத்துக்கு வருமென்று எங்களுக்கும் தெரியாது. கூடையைக் கண்டால் வங்காளி உறுப்பினர், "மேடம் ஜோலா லாயி ஹை. ஆஜ் போட் உன்கோ சோட்கே ஜாயேகா" என்று என் காதில் சொல்வார். பையைக் கொண்டு வந்துவிட்டார், இன்று படகு அவரை விட்டுவிட்டுத்தான் போகும் என்பது அதன் பொருள். மாலையில் எல்லோரும் ஜெட்டிக்கு நடக்கும்போது தலைவி யாரோடாவது பேசிக்கொண்டே பின்தங்குவார். படகு சங்கு ஊதும். அவர் கையசைப்பார். மறுநாள் காலை அவர் பார்ப்பதுதான் ஆய்வு. இப்படித்தான் ஒரு விடுதியில் பெண்பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் ஓடைக்குப் போவது தெரியவந்தது. ஓர் அங்கன்வாடியில் தராசு என்று ஒன்றே இல்லை, முந்தின நாள் வைத்திருந்தது மளிகைக் கடையிலிருந்து கேட்டு வாங்கியது என்பதும் தெரியவந்தது.

எனக்கு இந்த முறையில் உடன்பாடு இல்லை. குழு என்பது குழுவாகப் போக வேண்டும், குழுவாகத் திரும்ப வேண்டும். ஒருவர் தனியே தங்கி அறிந்ததைக் குழுவின் அறிக்கையில் சேர்ப்பது முறையன்று என்று கூட்டத்திலேயே சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "சரிதான் சார். அப்ப நீங்களும் தங்குங்க" என்றார். 

கழிக்கு அக்கரையில் இருந்த குடியிருப்பின் பள்ளியைப் பற்றிய கோப்பு வந்தது அதற்கடுத்த மழைக்காலம் முடிந்தபோது. அங்கே எட்டாம் வகுப்பு வரை இருந்தது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பிள்ளைகள் குறைவு, அவ்வகுப்புகளை மூடி இக்கரைப் பள்ளியோடு இணைக்கலாமா என்று மேலிடம் குழுவின் கருத்தைக் கேட்டிருந்தது. இணைத்தால் அந்தப் பிள்ளைகள் தினமும் படகில் வர வேண்டும். படகோ இரவில் இக்கரையில் நிற்கும். காலையில் இங்கிருந்து கிளம்பி அங்கே போய்த்தான் திரும்பும். அப்படி வரும் பிள்ளை பள்ளியை அடையும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். பெண்பிள்ளைகளை வீட்டார் அனுப்புவார்களா என்பதும் ஐயம். பதினொன்று பன்னிரண்டு வயதில் நிறுத்தினால் அந்தக் குடியிருப்பில் அவர்களுக்கு இருந்த ஒரே இடம் பாக்கு உரிக்கும் கொட்டகை. அப்பள்ளியை ஆய்வு செய்யப் போன நாளில் தலைவி கூடையைக் கொண்டுவந்திருந்தார்.

முதல் நாள் எல்லாம் நன்றாக இருந்தது. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளிலும் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. பள்ளியின் ஆசிரியர்கள் மூவரும் இருந்தார்கள். கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் செம்பருத்திப் பூக்கள் வரைந்து நடுவில் நல்வரவு என்பதற்கு ஸ்வாகதம் என்று இந்தியில் எழுதியிருந்தார்கள். ஏழாம் வகுப்பில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வரவேற்புப் பாட்டு பாடினாள். பள்ளியில் மதிய உணவு சமைக்கும் அம்மாவின் மகள் அவள். சமையல்கார அம்மா கதவருகே நின்று, தானும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மாலையில் ஜெட்டிக்கு நடந்தபோது தலைவி வழக்கம்போல் பின்தங்கினார். ஆனால் இம்முறை என்னையும் நிறுத்தினார்.

"இது பெரிய விஷயம் சார். ஒருத்தர் சொன்னா கதைம்பாங்க. ரெண்டு கையெழுத்து வேணும். உங்க கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல."

படகு போயிற்று. எங்களோடு வந்த உறுப்பினர்கள் அதில் போனார்கள். மூன்று ஆசிரியர்களும் அதிலேயே போனார்கள் என்பதை நான் அப்போது கவனித்தேன். பள்ளிக்குப் பக்கத்தில் ஆசிரியர் குடியிருப்பு என்று அரசு கட்டிய வீடு ஒன்று இருந்தது. அதன் பூட்டு துருவேறியிருந்தது; தாழ்வாரத்தில் யாரோ பாக்கு காயப்போட்டிருந்தார்கள்.

அன்று இரவு உணவு சமையல்கார அம்மாவின் வீட்டில். அவர்கள் இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம். தரையில் இலை போட்டிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு அவர் தலைவியிடம் தாழ்ந்த குரலில், என் காதில் விழும்படியே, "சார் கீழ உக்காருவாராக்கா? பிரின்சிபாலா இருந்தவராச்சே" என்றார்.

"உக்காருவாரு, உக்காருவாரு. கடைசி போட்டு போயிடுச்சுல்ல? இனி அவரும் நம்மள மாதிரிதான்."

நான் உட்கார்ந்தேன். தேங்காய் அரைத்த மீன்குழம்பு. சிறுமி பரிமாறினாள். நன்றாக இருந்தது என்று சொன்னேன். அது உபசாரத்துக்காகச் சொன்னதன்று. தலைவி அங்கேயே படுத்தார். எனக்குப் பள்ளியில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் குழாயடியில் நான் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்த தலைவி, கூடையிலிருந்து இந்தப் பச்சை டப்பாவை எடுத்து நீட்டினார். "புதுசு சார். நான் தொடல." முகம் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை. "வச்சுக்குங்க. அடுத்த தடவைக்கு ஆகும்" என்றார்.

மணியடித்தவர் சமையல்கார அம்மா. ஆசிரியர் யாரும் இல்லை. சிறு வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். பெரிய வகுப்புகள் மூன்றுக்குமாகச் சில பையன்கள் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஏழாம் வகுப்பில் ஒருவரும் இல்லை. கரும்பலகையில் ஸ்வாகதம் அப்படியே இருந்தது. தலைவி கடைசி பெஞ்சில் போய் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்துப் படகு வந்தது. மூவரில் ஓர் ஆசிரியர் மட்டும் இறங்கினார். மற்ற இருவரும் நேற்று குழுவுக்காக உழைத்ததால் இன்று விடுப்பு எடுத்திருப்பதாகச் சொன்னார். சாதாரண நாட்களிலும் ஒருவர் மாற்றி ஒருவராகத்தான் வருவது என்பதை அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய செய்தியாக அவருக்கு அது தோன்றவில்லை.

தலைவி எழுந்து பாக்குக் கொட்டகைக்கு நடந்தார். நானும் போனேன். உள்ளே வரிசையாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் முன்வரிசையில் இருந்த பெண்பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் அங்கே இருந்தார்கள். பாட்டுப் பாடிய சிறுமியின் விரல்கள் பாக்குக் கறையேறிப் பழுப்பாக இருந்தன. தலைவி அவளருகே குந்தி உட்கார்ந்து, பள்ளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். அவள் கையை நிறுத்தவில்லை.

"எங்க டீச்சர் வர்ற அன்னிக்கு நாங்களும் வருவோம் ஆன்ட்டி. நேத்து வந்தாங்க. நாங்களும் வந்தோம்."

தலைவி பிடிக்க வந்தது ஆசிரியர்களை. கையில் அகப்பட்டது பிள்ளைகள். முந்தின நாள் அந்தப் பெஞ்சுகளை நிரப்பியது எந்த அதிகாரியும் இல்லை, அந்த ஊர்தான். பள்ளியைக் காப்பாற்ற வேண்டுமென்று வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தவர், எங்களுக்குச் சோறு போட்ட சமையல்கார அம்மா. அவர் கொட்டகை வாசல்வரை எங்கள் பின்னால் வந்திருந்தார். "இத எழுதாதீங்கக்கா" என்றார். ஒரே முறைதான் சொன்னார். தலைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

அறிக்கையை நான் வரைந்தேன். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. முதல் பக்கத்தில் கட்டங்கள்: எந்த வகுப்பு, பெயர்ப்பதிவு எத்தனை, நேரில் கண்டது எத்தனை. இரண்டாம் பக்கம் குழுவின் கருத்துக்கு. முதல் நாள் கண்ட எண்ணிக்கையை மட்டும் எழுதுவோம், அன்றுதான் முழுக் குழுவும் இருந்தது, விதிப்படி அதுவே ஆய்வு நாள் என்று நான் சொன்னேன். இதை நான் விதியின் அடிப்படையில்தான் சொன்னேன். இன்றும் அது சரியே என்று கருதுகிறேன். எண்கள் மேலே போகும், காரணங்கள் வழியில் நின்றுவிடும் என்றும் சொன்னேன். பணிக்காலத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் அது ஒன்று.

அவர் சற்று நேரம் பேனா மூடியை நிறுத்தி வைக்க முயன்றார். அன்று அது நிற்கவில்லை.

"விடுதியில நான் மறுநாள் பாத்தத எழுதினோம். அங்கன்வாடியில எழுதினோம். அதெல்லாம் அடுத்தவங்க தப்பு. இப்ப நம்ம ஜனம்னு முழுங்கிட்டா, அதுக்கு முன்ன எழுதினதெல்லாம் என்ன சார்? ரெண்டு நாளையும் எழுதுங்க. ஏன்ங்கறதையும் எழுதுங்க. அந்தப் பொண்ணு சொன்னத அப்படியே எழுதுங்க."

எழுதினேன். முதல் பக்கத்தில் இரண்டு நாள் எண்ணிக்கையும். இரண்டாம் பக்கத்தில் காரணம்: ஆசிரியர் தங்குவதில்லை, ஆகவே பிள்ளைகள் வருவதில்லை, பூட்டிய குடியிருப்பைத் திறந்து ஆசிரியர்களை அங்கேயே தங்கச் செய்ய வேண்டும், வகுப்புகளை மூடக்கூடாது. அந்தப் பக்கத்தை நான் நன்றாகவே எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டோம். ஆணை வந்தபோது அதில் முதல் பக்கம் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. குழு தானே நேரில் கண்டு பதிவு செய்த எண்ணிக்கையின்படி மேல்வகுப்புகள் இணைக்கப்படுகின்றன என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆணையின் நகலைத் தலைவி கூட்டத்தில் தாமே படித்தார். படித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போகச் சொன்னார். அது முதியோர் உதவித்தொகை.

செய்தியை அக்கரைக்குச் சொல்லத் தாமே போனார். நானும் உடன் போனேன். ஜெட்டியிலேயே ஊரார் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. சமையல்கார அம்மா மட்டும் முன்னால் வந்தார்.

"ராத்திரி எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, காலையில எங்க பிள்ளைங்களையே எண்ணிட்டுப் போனீங்களேக்கா."

தலைவி அங்கேயே நின்றார். அந்த வாக்கியம் என்னையும் நோக்கியதுதான். நானும் நின்றேன். பிறகு படகு சங்கு ஊதியது. அவர் திரும்பி நடந்து அதில் ஏறினார். அதன்பின் அவர் தலைவியாக இருந்த காலம் முழுவதும் எந்த ஆய்விலும் மாலைப் படகை விடவில்லை. கூடையும் வரவில்லை. வங்காளி உறுப்பினர் முதல் சில பயணங்களில் கேலியாக ஏதோ தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

எஞ்சிய காலத்தில் அவர் ஒரே ஒரு பொருளைத்தான் விடாமல் பிடித்தார். அப்பள்ளியைத் திரும்பப் பெற முடியாது என்று நான் விதிகளைக் காட்டி விளக்கியபின், அவர் பள்ளியை விட்டுவிட்டுப் படகைப் பிடித்துக்கொண்டார். படகு இரவில் அக்கரையில் நிற்க வேண்டும். காலை முதல் பயணம் அங்கிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் முதல் மணிக்கு இங்கே இருப்பார்கள். கூட்டம் தோறும் இதே பொருள். படகுப் பிரிவிலிருந்து வந்த அதிகாரி, படகோட்டியின் குடும்பமும் படகுப் பணியாளர்களான லஸ்கர்களின் குடும்பங்களும் இக்கரையில் இருப்பதால் அக்கரையில் தங்க இடமில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். ஒரு நாள் தலைவி அவரை முழுதாகப் பேசவிட்டுக் கேட்டார்: "டீச்சருக்குக் கட்டின வீடு பூட்டிக் கிடக்கு. டீச்சருக்குத்தான் பிடிக்கல, உங்க ஆளுங்களுக்கும் பிடிக்கலியா? போய்ப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை என்றார் அவர். "நான் அங்க ஒரு ராத்திரி தங்கினேன் ஜி. அதனால அவங்களுக்கு நஷ்டந்தான். இனிமே போட்டு தங்கட்டும்."

அவருடைய பதவிக்காலத்தின் கடைசிக் கூட்டத்தில் அது நிறைவேறியது. துருப்பிடித்த பூட்டை உடைத்து, கூரைக்குத் தகரம் மாற்றி, லஸ்கர்களைக் குடிவைத்தார்கள். அடுத்த நாள் முதல் படகு அக்கரையிலிருந்து கிளம்பியது. அதற்குள் ஒரு பள்ளியாண்டு முழுதாகப் போயிருந்தது. கொட்டகையில் இருந்த பெண்பிள்ளைகளில் சிலர் அந்தப் படகில் ஏறினார்கள். சிலர் ஏறவில்லை. பாட்டுப் பாடியவள் ஏறினாள். தேர்தலில் தலைவி மீண்டும் நின்றார். அக்கரைக் குடியிருப்பு அவருக்கு வாக்களிக்கவில்லை, அதனாலேயே தோற்றார். முடிவு அறிவித்த அன்று கடைத்தெருவில் அவரைச் சந்தித்தேன். கையில் வெங்காயப் பை. படகு சரியான நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன்.

சில ஆண்டுகளில் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே தகனம் முடிந்தது. சாம்பல் கப்பலில் வந்தது. குழுக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானத்தை நான் எழுதினேன். இரண்டு வாக்கியம். எல்லோரும் எழுந்து நின்றோம், உட்கார்ந்தோம். அடுத்த பொருள் இளைஞர்களுக்கான தையற்பயிற்சி. வருத்தமாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.  மழைக்காலத்தில் கழியில் கைவிட்டால் சற்று நேரம் கழித்துத் தண்ணீரின் குளிர்ச்சி தெரியாமல் போகும். அந்த மாதிரி ஒரு நிலையில்தான் அவ்வாண்டு முழுவதும் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

இப்போது கழியின் குறுக்கே பாலம் வந்துவிட்டது. படகை நிறுத்திவிட்டார்கள். அது கடைசியாக இரவு தங்கிய இடத்திலேயே, அக்கரைச் சேற்றில், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. குழுவுக்கு இப்போதைய தலைவர் இளைஞர், டிப்ளமா படித்தவர், மரியாதையானவர். சிறப்பு அழைப்பாளன் என்ற பெயரில் என்னை இன்னும் அழைக்கிறார்கள். சென்ற மாதக் கூட்டத்தின் பொருள், அதே பள்ளியில் மிச்சமிருக்கும் ஐந்தாம் வகுப்பு வரையிலான வகுப்புகளையும் இணைப்பது. பாலம் இருக்கிறது, வேன் விடலாம் என்பது முன்மொழிவு. நேரில் ஆய்வு செய்ய நாள் குறித்தார்கள். அன்று காலை இழுப்பறையைத் திறந்து சோப்பு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு வேட்டியும் துண்டும் வைத்தேன். மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஜீப்புகளில் போனோம். முற்றத்தில் தண்ணீர் தெளித்திருந்தது. பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஆசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். கரும்பலகையில் செம்பருத்திப் பூக்களுக்கு நடுவே ஸ்வாகதம். மதிய உணவில் முட்டை. தலைவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் படிவம் நிரம்பிவிட்டது, அதே கட்டங்கள். கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்கள். நாளைக் காலையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன் என்றேன்.

"பாலம் இருக்கே சார். எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கலாம்" என்றார் தலைவர்.

உண்மைதான். எப்போது வேண்டுமானாலும் வரலாம். அப்படி யாரும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே தங்கிக்கொள்கிறேன், நீங்கள் போகலாம் என்று சொன்னேன். என் வயதைக் கருதி அவர் தயங்கினார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஜீப்புகள் போயின. ஆசிரியர்களின் மோட்டார் சைக்கிள்களும் பின்னாலேயே போயின.

சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அன்று பாட்டுப் பாடியவள்தான். முதல் படகில் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். எங்கள் குழு நடத்திய தையற்பயிற்சியிலும் கணினிப் பயிற்சியிலும் சான்றிதழ் வாங்கினாள். அந்தச் சான்றிதழ்களில் ஒன்றை நானே மேடையில் கொடுத்திருக்கிறேன். வேலை என்று ஒன்றும் அமையவில்லை. தாய்க்கு முடியாமல் போனதும் அவருடைய கரண்டியை வாங்கிக்கொண்டாள். அவள் மகன் இங்கே இரண்டாம் வகுப்பில் இருக்கிறான்.

"தங்குறீங்களா சார்?"

"ஆமாம்."

"எண்ணறதுக்கா?"

அவள் குரலில் கோபம் இல்லை. தாயிடமிருந்து கேட்டு வைத்திருந்த கேள்வி என்று தோன்றியது.

"ஆமாம். இந்தத் தடவை டீச்சர்களை."

அவள் சமையற்கூடத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு, "மீன் இல்ல சார். முட்டைதான். உங்க கமிட்டிக்கு வாங்கினதுல மீந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை குழாயடியில் டப்பாவைத் திறந்தேன். கல்லாகிப்போன சோப்பு முதலில் கரையவில்லை. வெகுநேரம் தேய்த்த பிறகு கொஞ்சம் நுரை வந்தது. சந்தன வாசனை இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, நாற்காலியைப் பாலத்தின் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னேன். அவள் மணியடித்தாள். சிறுவர்கள் ஒவ்வொருவராக வந்து என்னைச் சுற்றிக்கொண்டு வகுப்புகளுக்குள் போனார்கள். அவர்களை நான் எண்ணவில்லை. பாலத்தில் இன்னும் யாரும் வரவில்லை.